20 கிலோபைட்டில் குடித்தனம்: சிறிய சாதனத்துக்குள் இயங்குதளத்தை அடக்கும் வழி

எஸ்டிஎம்32எஃப்103சி8 என்று ஒரு சிப். எம்பெடெட் பக்கம், அதாவது சாதனங்களுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு நிரல் எழுதும் பக்கம், வருகிறவர்கள் பலருக்கு முதலில் கைக்கு வரும் சிப்புகளில் அதுவும் ஒன்று. நிரலை நிரந்தரமாக வைக்கும் ஃபிளாஷ் 64 கிலோபைட், ஓடும்போது தரவை வைக்கும் ரேம் 20 கிலோபைட். இயங்குதளம், அதன் மேல் ஓடும் டாஸ்குகள் என்னும் தனித்தனி வேலைகள், சென்சாரிலிருந்து வரும் தரவு, வெளியே போகக் காத்திருக்கும் செய்தி என எல்லாமே அந்த 20-க்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

கணினிக்கு நிரல் எழுதிப் பழகியவர்கள் இங்கே வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். முதலில் எல்லாவற்றையும் போட்டு ஓடவைப்போம், இடம் பற்றாவிட்டால் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம் என்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கடைசியில் வெட்ட உட்கார்ந்தால் எதை எடுத்தால் எது விழும் என்று யாருக்கும் தெரியாது. பயந்து பயந்து அங்கே 200 பைட், இங்கே 300 பைட் என்று சுரண்டிக்கொண்டிருப்போம். இப்போது நான் செய்வது அதற்கு நேர்மாறு. காலி வீட்டில் தொடங்குகிறேன். உள்ளே வரும் ஒவ்வொன்றையும் வாசலிலேயே எடைபோட்டுப் பார்க்கிறேன். அந்த வழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சாதனம் எந்த ரகம்?

ஏடிமெகா328பி போன்ற சிப்பில் ரேம் 2 கிலோபைட்தான். அதற்கு இயங்குதளமே வேண்டாம். ஒரு முடிவில்லா லூப், ஒரு டைமர் குறுக்கீடு, நிலைகளைப் பிரித்து எழுதிய சில ஃபங்ஷன்கள் போதும். அங்கே இயங்குதளத்தை வலிந்து ஏற்றுவது கற்றுக்கொள்ள உதவலாம், வேலைக்கு உதவாது.

20 கிலோபைட்டிலிருந்து சில நூறு கிலோபைட் வரை ரேம் உள்ள சிப்புகள்தான் ஃப்ரீஆர்டிஓஎஸ், ஸெஃபிர், ரயட் போன்ற சிறிய இயங்குதளங்களின் இடம். ஆர்பி2040-இல் 264 கிலோபைட், இஎஸ்பி32-இல் 520 கிலோபைட் ரேம் உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ்-இன் மையப் பகுதியான கெர்னல் மட்டும் ஃபிளாஷில் பிடிப்பது பொதுவாக 6 முதல் 12 கிலோபைட்தான். ஆக, கெர்னல் பெரும்பாலும் நமக்குப் பிரச்சினை இல்லை. அதைச் சுற்றி நாம் கட்டுவதுதான் பிரச்சினை.

ஒவ்வொரு புரோகிராமின் நினைவகத்தையும் பிரித்துக் காக்கும் மெமரி மேனேஜ்மென்ட் யூனிட் உள்ள பிராசஸரும், மெகாபைட் கணக்கில் ரேமும் இருந்தால் லினக்ஸ். அதைத் தனியாகக் கீழே பார்ப்போம். மெமரி மேனேஜ்மென்ட் யூனிட் இல்லாமலும் லினக்ஸ் ஓடும். ஆனால் புதியவர்கள் அந்தப் பக்கம் முதலில் போக வேண்டாம். ஒரு புரோகிராம் தவறினால் முழு அமைப்பும் கெட்டுப்போகும், தவறு எங்கே என்று தேடவே நாள் போய்விடும்.

இரண்டாம் படி: வெட்டும் முன் அள

கம்பைலரோடு வரும் ‘சைஸ்’ என்ற சின்னக் கருவியை இன்றே பழகிக்கொள்ளுங்கள். கட்டிய பைனரியை அதனிடம் கொடுத்தால் டெக்ஸ்ட், டேட்டா, பிஎஸ்எஸ் என்று மூன்று எண்கள் வரும். ஒரு மாதிரிக்கு டெக்ஸ்ட் 41,200, டேட்டா 1,100, பிஎஸ்எஸ் 14,800 என்று வைத்துக்கொள்வோம்.

டெக்ஸ்ட் என்பது நிரலும் மாறாத தரவும். அது ஃபிளாஷில் இருக்கும். பிஎஸ்எஸ் என்பது பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகள். ரேமில் மட்டும் இடம் பிடிக்கும். டேட்டாதான் பலரும் தவறவிடுவது. அது தொடக்க மதிப்பு உள்ள மாறிகள். அந்த மதிப்புகள் ஃபிளாஷில் சேமிக்கப்பட்டு, சிப் எழும்போது ரேமுக்கு நகலெடுக்கப்படும். எனவே இரண்டு பக்கமும் இடம் போகும். நம் கணக்கு இப்படி: ஃபிளாஷ் 41,200 + 1,100 = 42,300. ரேம் 1,100 + 14,800 = 15,900. 20 கிலோபைட் என்பது 20,480 பைட். மிச்சம் 4,580. மெயின் ஸ்டாக்கும் (ஃபங்ஷன்கள் ஓடும்போது பிடிக்கும் தற்காலிக இடம்), லைப்ரரி தன் பங்குக்குக் கேட்கும் ஹீப்பும் (ஓடும்போது கேட்டு வாங்கும் இடம்) இந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.

இதிலிருந்தே ஒரு எளிய லாபம் கிடைக்கிறது. மாறவே மாறாத அட்டவணை ஒன்றை, உதாரணமாக 1,000 முழு எண்கள் கொண்ட அளவுத்திருத்த அட்டவணையை, ‘கான்ஸ்ட்’ போடாமல் எழுதியிருந்தால் ரேமில் 4,000 பைட் வீண். ‘கான்ஸ்ட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அது ஃபிளாஷோடு நின்றுவிடும். ஏடிமெகா328பி போன்ற ஏவிஆர் குடும்பச் சிப்புகளில் அந்தச் சொல் மட்டும் போதாது. அங்கே ஃபிளாஷுக்கும் ரேமுக்கும் முகவரி வெளி தனித்தனி என்பதால் ‘புரோக்மெம்’ என்று குறிக்க வேண்டும். அச்சிடுவதற்காக நாம் எழுதும் வாசகங்கள்கூட, குறிக்காவிட்டால் ரேமுக்கு ஏறிவிடும்.

மூன்று எண்கள் மொத்தத்தைத்தான் சொல்லும். எது எவ்வளவு என்று அறிய, நிரல் துண்டுகளை ஒரே பைனரியாக இணைக்கும் லிங்கரிடம் மேப் கோப்பு கேளுங்கள். முதல் தடவை திறக்கும்போது மிரட்டும், உண்மைதான். அதில் அளவு வாரியாக முதல் 10 பெயர்களை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அதில் எதையாவது பார்த்து ‘இது யார், இங்கே என்ன செய்கிறார்?’ என்று கேட்கத் தோன்றினால், வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாம் படி: ஸ்டாக். ரேம் போகும் பெரிய வழி இதுதான்

சிறிய இயங்குதளத்தில் ஒவ்வொரு டாஸ்குக்கும் தனி ஸ்டாக். ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் டாஸ்க் உருவாக்கும்போது ஸ்டாக் அளவைத் தருகிறோம். அந்த எண் பைட்டில் அல்ல, வேர்டில். 32 பிட் சிப்பில் ஒரு வேர்டு 4 பைட். ‘512 போட்டேன், அரைக் கிலோபைட்தானே’ என்று நினைத்தால் உண்மையில் போவது 2,048 பைட். அப்படி 8 டாஸ்க் உருவாக்கினால் 16,384 பைட் ஸ்டாக்குக்கே காலி. 20 கிலோபைட் சிப்பில் பிறகு என்ன மிஞ்சும்? இஎஸ்பி32-க்கு வரும் ஃப்ரீஆர்டிஓஎஸ் பதிப்பில் இதே எண் பைட்டில். அங்கே இங்குள்ள 512-ஐ அப்படியே ஒட்டினால் கால்பங்கு ஸ்டாக்தான் கிடைக்கும், டாஸ்க் எழுந்த சூட்டில் விழும். நிரலை ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகிறவர்கள் இதில் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

சரி, ஒரு டாஸ்குக்கு எவ்வளவு ஸ்டாக் போதும்? ஊகிக்க வேண்டாம், பார்க்கலாம். ஸ்டாக் சோதனையை இயக்கிவைத்தால், டாஸ்க் உருவாகும்போதே ஃப்ரீஆர்டிஓஎஸ் அதன் ஸ்டாக் முழுக்க ஏ5 என்ற ஹெக்ஸ் மதிப்பை நிரப்பிவிடும். எஸ்டிஎம்32எஃப்103 போன்ற கார்டெக்ஸ்-எம் சிப்புகளில் ஸ்டாக் மேலிருந்து கீழாக வளரும். டாஸ்க் எவ்வளவு ஆழம் போனதோ அதுவரை ஏ5 அழிந்திருக்கும், தொடாத பகுதியில் அப்படியே நிற்கும்.

ஒரு போர்டு சில நாளுக்கு ஒருமுறை தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. வயரைச் சந்தேகப்பட்டேன், மின்சப்ளையைச் சந்தேகப்பட்டேன், மாற்றியும் பார்த்தேன். ஒருநாள் டீபக்கரில் ரேமை வரிவரியாகத் திறந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக் அடியிலும் ஏ5 ஏ5 ஏ5 ஏ5 என்று பாய் விரித்தது போல வரிசை. லாக் எழுதும் டாஸ்க்குக்கு மட்டும் அடிவரை ஒரு ஏ5 கூட இல்லை. அதற்குக் கீழே இருந்த கியூவின் (டாஸ்குகள் செய்தி பரிமாறும் வரிசை) கடைசிச் சில பைட்டுகளில் ஒரு பிழைச் செய்தியின் எழுத்துகள் கிடந்தன. சாதாரண நாளில் அந்த டாஸ்க் சின்ன வரிகளைத்தான் எழுதும். தொடர்பு அறுந்தால் மட்டும் நீண்ட செய்தி ஒன்றை ‘எஸ்பிரிண்ட்எஃப்’ கொண்டு தயாரிக்கும், அப்போது பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிடும். ரேமைக் கண்ணால் பார்க்காமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

ஒவ்வொரு தடவையும் டீபக்கர் வேண்டியதில்லை. ஹை வாட்டர் மார்க் என்ற ஃபங்ஷனை அழைத்தால், இதுவரை மிகக் குறைவாக எவ்வளவு ஸ்டாக் மிச்சமிருந்தது என்று வேர்டில் சொல்லும். செய்ய வேண்டியது இது. முதலில் எல்லா டாஸ்குக்கும் தாராளமாகக் கொடுங்கள். பிறகு சாதனத்தை வேண்டுமென்றே துன்புறுத்துங்கள்: தொடர்பை அறுங்கள், சென்சாரைப் பிடுங்குங்கள், தவறான செய்தி அனுப்புங்கள். ஸ்டாக்கின் ஆழம் வெளிப்படுவது பிழைப் பாதைகளில்தான். அதன் பிறகு மிச்சத்தைப் பார்த்துக் குறையுங்கள். பயன்பட்ட அளவின் மேல் கால்பங்கு கூடுதலாக விட்டுவைப்பது என் வழக்கம்.

டாஸ்குகளின் எண்ணிக்கையையும் ஒருமுறை கேள்வி கேளுங்கள். விளக்கைச் சிமிட்ட ஒரு டாஸ்க், பட்டனைப் பார்க்க ஒரு டாஸ்க், வெப்பநிலை படிக்க ஒரு டாஸ்க் என்று பிரிப்பது பார்க்க அழகு. மூன்றும் ஒரே டாஸ்கில் முறைவைத்து ஓடினால் இரண்டு ஸ்டாக் மிச்சம்.

நான்காம் படி: இயங்குதளத்தின் அமைப்புக் கோப்பு

ஃப்ரீஆர்டிஓஎஸ் கான்ஃபிக் கோப்பை வேறு எங்கிருந்தோ எடுத்து அப்படியே வைத்திருப்பீர்கள். அதை ஒரு தடவை வரிவரியாகப் படியுங்கள். ஒரு வரியை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். அதிகபட்ச முன்னுரிமை எண்ணிக்கை என்று ஒரு அமைப்பு உண்டு. ஒவ்வொரு முன்னுரிமைக்கும் கெர்னல் ஒரு பட்டியல் வைக்கும். 32 பிட் சிப்பில் ஒரு பட்டியல் 20 பைட். ஆர்ம் சிப்புகளுக்கான பொது இடைமுகமான சிஎம்சிஸ்-ஆர்டிஓஎஸ் இரண்டாம் பதிப்பின் உறையைப் பயன்படுத்தினால் இந்த எண் 56 ஆக இருந்தே தீர வேண்டும். 56 × 20 = 1,120 பைட். உறை இல்லாமல் நேரடியாக ஃப்ரீஆர்டிஓஎஸ்-ஐ அழைத்து, 5 முன்னுரிமை வைத்தால் 100 பைட். ஒரு கிலோபைட் கைக்கு வந்தது.

சாஃப்ட்வேர் டைமர்களைப் பயன்படுத்தவில்லையா? அணைத்துவிடுங்கள், அதற்கென்று பின்னால் ஓடும் டாஸ்கும் அதன் ஸ்டாக்கும் கியூவும் சேர்ந்தே போகும். ஹீப் வகைகள் ஐந்து உண்டு. தொடக்கத்தில் எல்லாவற்றையும் உருவாக்கி, பிறகு எதையும் விடுவிக்காத சாதனத்துக்கு முதல் வகை போதும். அதில் நினைவகம் துண்டுதுண்டாகும் பயம் இல்லை.

ஐந்தாம் படி: கம்பைலரும் லைப்ரரியும்

அளவுக்கு முன்னுரிமை தரும் ‘ஓ-எஸ்’ தேர்வைக் கம்பைலருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒவ்வொரு மாறியையும் தனித்தனிப் பகுதியில் வைக்கச் சொல்லி, யாரும் அழைக்காததை எறியும்படி லிங்கரிடம் சொல்லுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பலன். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு அளவு குறையவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு.

அடுத்தது ‘பிரிண்ட்எஃப்’. சி லைப்ரரியின் முழுப் பதிப்புக்குப் பதில் சிறு பதிப்பான நியூலிப்-நானோவை இணையுங்கள். அதில் தசம எண் அச்சிடும் வசதி இயல்பாக இருக்காது. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமலே சமாளிக்கலாம் என்பது என் கருத்து. 27.35 டிகிரியை 2735 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் நடுவில் புள்ளி வைத்தால் போயிற்று. எஃப்103 போன்ற கார்டெக்ஸ்-எம்3 சிப்பில் தசமக் கணக்குக்கு வன்பொருளே கிடையாது, ஒவ்வொரு பெருக்கலுக்கும் லைப்ரரி நிரல் உள்ளே வரும். ஒற்றைத் துல்லிய வன்பொருள் உள்ள கார்டெக்ஸ்-எம்4-இலும் ஒரு பொறி இருக்கிறது: சி மொழியில் வெறுமனே 0.1 என்று எழுதினால் அது இரட்டைத் துல்லியம். பின்னால் ‘எஃப்’ சேர்க்காவிட்டால் வன்பொருள் சும்மா இருக்க, லைப்ரரி வந்து உட்காரும்.

லினக்ஸ் என்றால்

இங்கேயும் காலி வீட்டில் தொடங்கும் வழி உண்டு. கெர்னல் மூலத்தில் ‘மேக் டைனிகான்ஃபிக்’ என்று கட்டளையிட்டால் முடிந்தவரை எல்லாம் அணைந்த அமைப்பு ஒன்று கிடைக்கும். அதை அப்படியே ஓட்டினால் திரையில் ஒன்றும் வராது. கெர்னல் செய்திகளை அச்சிடும் பிரிண்ட்கே இல்லை, டெர்மினலைக் கையாளும் டிடிஒய் இல்லை, லினக்ஸின் வழக்கமான இஎல்எஃப் வடிவப் புரோகிராமை ஓட்டும் திறன்கூட இல்லை. ஒவ்வொன்றாக இயக்குங்கள்: பிரிண்ட்கே, டிடிஒய், சீரியல் டிரைவர், இஎல்எஃப், பிறகு உங்கள் ஃபைல் சிஸ்டம். ஒன்றை இயக்கியதும் கெர்னல் எவ்வளவு வளர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் ‘புளோட்-ஓ-மீட்டர்’ இருக்கிறது. பழைய பைனரியையும் புதியதையும் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் வளர்ந்தது என்று பட்டியல் போடும். போர்டு இல்லாமலே கியூஎமு என்னும் போலி இயந்திர மென்பொருளில் இதையெல்லாம் பழகலாம்.

பிரிண்ட்கே-யை அணைத்தால் நல்ல இடம் மிஞ்சும். கால்சிம்ஸ் என்னும் பெயர் அட்டவணையை எடுத்தாலும் அப்படியே. ஆனால் இவை இரண்டையும் கடைசி நாளில் மட்டும் எடுங்கள். நடுவில் எடுத்துவிட்டால், போர்டு நின்றுபோகும்போது ஏன் நின்றது என்று சொல்ல ஆளே இருக்காது. நினைவகப் பகிர்வில் ஒரு எச்சரிக்கை: பழைய வழிகாட்டிகள் ‘ஸ்லாப்’ வகைகளில் மிகச் சிறியதான எஸ்எல்ஓபி-யைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அது 2023-இல் 6.4 பதிப்போடு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் எஸ்எல்யூபி-யின் டைனி தேர்வு இருக்கிறது.

கெர்னலுக்கு மேலே பிஸிபாக்ஸ். 1990-களின் நடுவில் டெபியன் லினக்ஸை நிறுவும் வட்டுக்காக, எல்லாக் கருவிகளும் ஒரே ஃபிளாப்பியில் அடங்க வேண்டும் என்று புரூஸ் பெரன்ஸ் தொடங்கியது அது. ஒரே பைனரி, எந்தப் பெயரில் அழைக்கிறோமோ அந்த வேலையைச் செய்யும். அதிலும் உங்களுக்கு வேண்டாத கட்டளைகளை அணைக்கலாம். சி லைப்ரரிக்கு மஸல் நல்ல தேர்வு. ஒன்று மட்டும் கவனம்: மஸலில் ஒரு திரெட்டுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக் 128 கிலோபைட்தான். லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி-யின் மெகாபைட் கணக்கு ஸ்டாக்கை நம்பி உள்ளே பெரிய பஃபர் வைத்த நிரல் இங்கே விழும்.

இனி, புதியவர்கள் பலர் அறியாமல் ரேமை இழக்கும் இடம். இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தொடக்க ஃபைல் சிஸ்டம் வசதியானது என்று முழு அமைப்பையும் அதற்குள் வைத்துவிடுவார்கள். ஃபிளாஷில் அது சுருங்கி இருக்கும், ஆனால் எழும்போது ரேமில் விரிந்து, நீக்கும்வரை அங்கேயே இருக்கும். விரிந்தால் 6 மெகாபைட் ஆகும் என்றால், 32 மெகாபைட் சாதனத்தில் அந்த 6 நிரந்தரமாகப் போயிற்று. ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கிய ஃபைல் சிஸ்டத்தில் வைத்து ஃபிளாஷிலிருந்தே படித்தால், தேவையான பக்கங்கள் மட்டும் ரேமுக்கு வரும், நெருக்கடியில் கெர்னல் அவற்றை விட்டுக்கொடுக்கும்.

ரேம் மிச்சத்தைப் பார்க்கும்போது ‘மெம்ஃப்ரீ’ எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமைக் கேஷுக்குப் பயன்படுத்தும். ‘மெம்அவைலபிள்’ என்ற வரிதான் பார்க்க வேண்டியது. இசட்ரேம் போட்டு, அதிகம் தொடாத பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கலாம். அதற்கு விலை பிராசஸர் நேரம்.

எதை வெட்டக்கூடாது

இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாதனம் உறைந்தால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக், ஸ்டாக் நிரம்பி வழிவதைப் பிடிக்கும் சோதனை, சான்றிதழைச் சரிபார்க்கும் நிரல், சாதனத்தைப் பிறகு புதுப்பிக்கும் வழி. இடம் பற்றவில்லை என்று இவற்றில் கைவைத்தால், அடுத்தவர் வீட்டில் ஓடப்போகும் சாதனத்தை நாம் பலவீனமாக்கி அனுப்புகிறோம்.

தொடர்பை மறையாக்கிக் காக்கும் டிஎல்எஸ் நெறி பெரிய விருந்தாளி என்பது உண்மை. ஒரு டிஎல்எஸ் ரெக்கார்டு 16,384 பைட் வரை வரலாம். எம்பெட்டிஎல்எஸ் என்னும் டிஎல்எஸ் லைப்ரரி உள்வரும் பக்கத்துக்கு ஒன்றும் வெளிச்செல்லும் பக்கத்துக்கு ஒன்றுமாக அந்த அளவில் பஃபர் கேட்கும். நாம் அனுப்பும் செய்தி எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும், எனவே வெளிச்செல்லும் பஃபரைத் தைரியமாகக் குறைக்கலாம். உள்வரும் பஃபரைக் குறைக்க எதிர்ப்பக்க சர்வரும் சிறிய துண்டுகளில் அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும். அது முடியாது, சிப்பும் 20 கிலோபைட்தான் என்றால், சான்றிதழ் சோதனையை அணைப்பதல்ல தீர்வு. பெரிய சிப்பை வாங்குங்கள்.

கடைசிப் படி: வாசலில் காவல்

லிங்கரிடம் நினைவகப் பயன்பாட்டை அச்சிடச் சொன்னால், ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஃபிளாஷும் ரேமும் எத்தனை சதவீதம் நிரம்பின என்று காட்டும். அதோடு நிற்காமல் ஒரு வரம்பு வையுங்கள், தாண்டினால் பில்ட் தோற்கட்டும். 100 சதவீதத்தில் அல்ல, 85-இல் வையுங்கள். யாரோ ஒரு லைப்ரரியைச் சேர்த்து 3 கிலோபைட் ஏறியது என்றால், அது அன்றே, சேர்த்தவருக்கே தெரிய வேண்டும்.

அந்த வரம்பு எதன் மேல் என்பதையும் முதல் நாளே கணக்கிடுங்கள். 64 கிலோபைட் ஃபிளாஷ் இருக்கிறது என்று சொன்னோம். தூரத்திலிருந்து புதுப்பிக்க வேண்டுமானால், சிப் எழும்போது முதலில் ஓடும் பூட்லோடருக்கு 8 கிலோபைட் ஒதுக்குங்கள். மீதி 56. ஓடும் பதிப்புக்கு ஒன்று, இறங்கும் பதிப்புக்கு ஒன்று என இரண்டு அறை வேண்டும், எனவே ஒவ்வொன்றும் 28 கிலோபைட், அதாவது 28,672 பைட். இரண்டாம் படியில் நாம் அளந்த நிரல் 42,300. அது இந்த அறைக்குள் நுழையாது. இரண்டாவது அறையை வெளியே ஒரு எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில் வைக்கலாம், போர்டு இன்னும் வரைபடமாக இருக்கும்போதே சொன்னால். இல்லையென்றால் மேப் கோப்பைத் திறந்து, அந்த முதல் 10 பெயர்களிடம் திரும்பப் போக வேண்டியதுதான்.